ஒரு புள்ளி

2024 ஓகஸ்ட் இறுதியில் ஒரு காணொளித் துண்டு எனக்குப் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தது. கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பினார். இலண்டனிலிருந்து பழைய பல்கலைக்கழகத் தோழர் அனுப்பினார். இரு கைகளும் இல்லாத இளம்பெண் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வலது பாதத்தால் வில்லைப் பற்றிக் காலை நீட்டுகிறார். தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுக்கிறார். வாயால் விசையை இயக்குகிறார். அம்பு மஞ்சள் வட்டத்தின் நடுவில் தைக்கிறது. அத்துடன் காணொளி முடிந்துவிடுகிறது.

கண் கலங்கிவிட்டது என்றுதான் அனுப்பிய எல்லோரும் எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டுகளாகச் செய்தி மேசையில் இருந்து பழகியவன் என்பதால் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டது ஒரேயொரு கேள்வி: "போட்டியில் வென்றது யார்?" ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர் தோற்றுப்போனார். 137க்கு 138. ஒரேயொரு புள்ளி.

அந்தப் பெண் ஷீதல் தேவி. 2007 ஜனவரியில் ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்திலுள்ள லோய்தார் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். தந்தை விவசாயி, தாய் ஆடு மேய்ப்பவர். பிறக்கும்போதே அவருக்குக் கைகள் இருக்கவில்லை. ஆனாலும் ஊர்ப் பிள்ளைகளோடு மரம் ஏறித் திரிந்திருக்கிறார். பிற்காலத்தில் வில்லைத் தாங்கும் உரம் கால்களுக்கும் தோளுக்கும் அந்த மரங்களில்தான் வந்திருக்க வேண்டும். கிஷ்த்வாரில் இந்திய இராணுவம் நடத்திய இளைஞர் நிகழ்வொன்றில் கவனத்துக்கு வந்தவர், பின்னர் கட்ராவில் பயிற்சியாளர்கள் குல்தீப் வேத்வானிடமும் அபிலாஷா சௌத்ரியிடமும் சேர்ந்தார். அவருக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கைகளின்றிக் காலால் வில்லேந்திய அமெரிக்கரான மற் ஸ்டட்ஸ்மன், 2012 இலண்டன் பராலிம்பிக்கிலேயே வெள்ளி வென்றிருந்தார்.

ஷீதலின் ஆயுதம் கொம்பவுண்ட் வில். இதன் இரு முனைகளிலும் கப்பி போன்ற சக்கரங்கள் உண்டு. நாணை முழுமையாக இழுத்தபின் தாங்க வேண்டிய பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். குறிபார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருக்கிறது. அதனால் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. கருவி இத்தனை துல்லியமாக இருப்பதால், எய்பவரிடமும் அதே துல்லியம் எதிர்பார்க்கப்படுகிறது. 50 மீற்றர் தூரத்தில், 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் அம்பு விழுந்தால்தான் 10 புள்ளிகள். ஒரு போட்டியில் 15 அம்புகள்; உச்சப் புள்ளி 150. அம்பு கோட்டைத் தொட்டால் கூடிய புள்ளி கிடைக்கும். ஐயம் எழுந்தால் நடுவர் இலக்கருகே குனிந்து பார்ப்பார். அவர் பார்ப்பது அம்பையும் கோட்டையும் மட்டுமே.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஷீதலின் முதல் ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் செக் குடியரசின் பில்சன் நகரில் நடந்த உலகப் பரா வில்வித்தைப் போட்டியின் இறுதியாட்டத்தில் துருக்கியின் ஓஸ்னூர் ஜூரேயிடம் 138க்கு 140 எனத் தோற்று வெள்ளி பெற்றார். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஹாங்சௌ ஆசியப் பரா விளையாட்டு விழாவில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 16.

பரிஸில்தான் அந்த ஒற்றைப் புள்ளி அவரைத் துரத்தியது. தரவரிசைச் சுற்றில் 720க்கு 703 எடுத்தார். அதுவரை இருந்த உலகச் சாதனை 698. அதைத் தாண்டியும் சாதனை அவருக்குக் கிட்டவில்லை. அதே சுற்றில் ஜூரே 704 எடுத்துவிட்டார். இரண்டு நாட்களின் பின் சிலியின் மரியானா சுனிகாவிடம் அந்த 137க்கு 138. சுனிகா முந்தைய தோக்கியோ பராலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். செப்ரெம்பர் 2ஆம் திகதி, ராகேஷ் குமாருடன் இணைந்து கலப்பு இரட்டையரில் இத்தாலியை 156க்கு 155 என வென்று வெண்கலம் பெற்றார். இருமுறை பறித்த ஒற்றைப் புள்ளி, மூன்றாம் முறை பதக்கமாக வந்தது.

இவ்வளவு நடந்திருந்தும் உலகம் பகிர்ந்துகொண்டது ஒரேயொரு அம்பைத்தான். அதுவும் அவர் தோற்ற ஆட்டத்தின் அம்பு. அந்தத் தோல்வியைச் சொல்லாமல் விட்டது அவர் மீதான அன்பினால் என்று எனக்குத் தோன்றவில்லை. கைகளில்லாதவர் எய்ததே அற்புதம், வெற்றி தோல்வியைக் கேட்பானேன் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. வீரர் ஒருவரிடம் புள்ளி எவ்வளவு என்று கேட்காமல் இருப்பது அவரை வீரராகக் கருதாமல் இருப்பதுதான்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று எனக்கே ஐயம். தொண்ணூறுகளில், இளம் நிருபராக, போரில் ஒரு காலை இழந்த தையற்காரர் ஒருவரைப் பேட்டி கண்டேன். அரைப்பக்கக் கட்டுரை. குண்டு விழுந்த பொழுது, வைத்தியசாலை, ஊன்றுகோல், மனைவியின் கண்ணீர் எல்லாம் அதில் இருந்தன. பலர் பாராட்டினார்கள். சில வாரங்களின் பின் அவரைச் சந்தித்தபோது தையல் இயந்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "என்ர காலைப் பற்றி வடிவா எழுதியிருக்கிறியள் தம்பி. நான் தைக்கிற சட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் மறந்திருப்பேன். அன்று அவர் தைத்துக்கொண்டிருந்தது என்ன சட்டை, யாருக்கு, அவருடைய தையல் எப்படிப்பட்டது என்று இன்று யாரேனும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவரிடம் இல்லாததை மட்டுமே நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

2025 செப்ரெம்பரில் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் உலகப் பரா போட்டியின் இறுதியாட்டம் நடந்தது. ஷீதலுக்கு எதிரே மறுபடியும் ஜூரே. இம்முறை 146க்கு 143. பதினெட்டு வயதில் ஷீதல் உலகச் சம்பியனானார். அதே ஆண்டு நவம்பரில், ஜெத்தாவில் நடைபெறும் ஆசியக் கிண்ணப் போட்டிக்கான இந்திய அணியில் அவரது பெயர் இடம்பெற்றது. அது பரா அணியன்று. இரு கைகளும் உள்ளவர்களோடு தகுதிகாண் போட்டியில் எய்து, புள்ளிகளால் பெற்ற இடம்.

அந்தச் செய்தியை மைத்துனருக்கு அனுப்பினேன். இம்முறை காணொளி எதுவும் இணைக்கவில்லை. சற்று நேரத்தில் பதில் வந்தது: "எத்தனை புள்ளி எடுத்தவ?"

அந்தத் தையற்காரர் இருந்திருந்தால் அவருக்கும் அந்தக் கேள்வி பிடித்திருக்கும்.