தண்ணீரில் ஊறினால்தான் உயிர்... கிளேட்டன் ஊரின் மரப் படகுகள்!

அமெரிக்காவின் நியூயார்க் என்றதும் வானத்தைத் தொடும் கட்டடங்கள்தான் நம் கண்முன் வரும். அதே பெயர் கொண்ட மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், கனடாவை எட்டிப் பார்த்தபடி ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயர் கிளேட்டன். சிராக்யூஸ் நகரிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். ஊருக்கு முன்னால் செயின்ட் லாரன்ஸ் ஆறு. அந்த ஆற்றில் சிதறிக் கிடக்கும் தீவுகள் 1,800-க்கும் மேல். ஆனாலும், 'ஆயிரம் தீவுகள்' என்று அடக்கமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்!

சில தீவுகளில் ஒரே ஒரு வீடுதான் இருக்கும். அங்கே வாழ்பவர்களுக்குக் கார், பைக், சைக்கிள் எல்லாமே படகுதான்.

நூறு வருடங்களுக்கு முன்பு, பெருநகரத்துச் செல்வந்தர்கள் கோடையைக் கழிக்க இங்கே மாளிகைகள் கட்டினார்கள். தீவுக்குத் தீவு பறக்க, மஹோகனி மரத்தில் மோட்டார் படகுகள் வந்தன. நீண்ட மூக்கு, காரில் இருப்பதுபோல் ஸ்டீயரிங், தோல் இருக்கைகள், கண்ணாடிபோல் மின்னும் செம்பழுப்பு உடம்பு. மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக் ஊரில் கிறிஸ் ஸ்மித் குடும்பம் 1922-ல் ஒரே அளவில் வரிசையாகப் படகுகள் செய்து விற்க ஆரம்பித்தது. அதுதான் பின்னாளில் புகழ்பெற்ற 'கிறிஸ்-கிராஃப்ட்' நிறுவனம்.

பிறகு வந்தது ஃபைபர் படகு. அழுகாது, ஒழுகாது, வருடா வருடம் வார்னிஷ் கேட்காது. 1970-களின் தொடக்கத்தில் கிறிஸ்-கிராஃப்டே மரப் படகு செய்வதை நிறுத்திவிட்டது. பல படகுகள் கொட்டகை மூலையில் தூங்கின. சில விறகாகவே போயின.

காப்பாற்றிய ஊர்

கிளேட்டன் மட்டும் அவற்றை விடவில்லை. 1965-லிருந்து இங்கே கோடைதோறும் பழைய படகுகளின் கண்காட்சி நடக்கிறது. ஆற்றங்கரையிலேயே இருக்கும் 'ஆன்டிக் போட் மியூசிய'த்தில் 300-க்கும் மேற்பட்ட படகுகள். 1903-ல் கட்டப்பட்ட, 106 அடி நீள 'லா டச்சஸ்' என்ற இரண்டு மாடிப் படகு வீடு அங்கே தண்ணீரிலேயே மிதக்கிறது. பக்கத்து ஊரான அலெக்ஸாண்ட்ரியா பேயில் கட்டிய 48 அடி 'பார்டன் மீ' படகைப் பார்ப்பவர்கள், 'இது படகா, பஸ்ஸா?' என்று நின்றுவிடுவார்கள்.

இப்படிப் பளபளக்கும் ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் பல மாத உழைப்பு இருக்கிறது.

முதல் வேலை, ஜாதகம் பார்ப்பது

கொட்டகையில் கிடைத்த படகு கிறிஸ்-கிராஃப்ட் என்றால், அதன் உடம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் வர்ஜீனியா மாநிலத்தின் மரைனர்ஸ் மியூசியத்தில் பத்திரமாக உள்ளன. எண்ணைச் சொல்லிக் கேட்டால், அந்தப் படகுக்கான அட்டையின் நகல் கிடைக்கும். எந்த இன்ஜின் பொருத்தினார்கள், எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்று அதில் பார்க்கலாம். படகின் பிறப்புச் சான்றிதழ் என்றே சொல்லலாம்.

அடுத்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, சீட்டு ஒட்டி, எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். இன்ஜினை இறக்கிய பிறகு, உடம்பு கோணிவிடாதபடி முட்டுக்கொடுத்துப் படகையே குப்புறக் கவிழ்க்கிறார்கள். உண்மை தெரியும் நேரம் அதுதான். மேலே வழுவழுப்பாக இருக்கும் படகின் அடிப்பகுதியில் கூரான கருவியால் குத்தினால், அழுகிய மரம் ஊறின பிஸ்கட்போல் உதிரும்.

ஆனாலும் அழுகிய பலகையை உடனே எறிந்துவிட மாட்டார்கள். புதிய பலகையை வெட்ட அதுதான் அளவு. உள்ளே விலா எலும்புபோல் வளைந்திருக்கும் ஓக் மரச் சட்டங்களுக்கும் அப்படியே. அளவு எடுத்து முடிக்கும்வரை குப்பைத் தொட்டிக்கு வேலையில்லை.

ஒழுகணுமா, வேண்டாமா?

இங்கேதான் பெரிய வாக்குவாதம் வரும். மழைக்காலத்தில் வாசல் கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கும் அல்லவா? பழைய படகுகள் இயங்கியதே அந்தக் குணத்தை நம்பித்தான். பல படகுகளில் அடியில் இரண்டு அடுக்குப் பலகை, நடுவில் பசையில் தோய்த்த கேன்வாஸ் துணி. குளிர்காலத்தில் ஆறு உறையும்போது படகைக் கரையேற்றுவார்கள். காய்ந்து, இடுக்குகள் திறக்கும். வசந்தத்தில் தண்ணீரில் இறக்கினால் முதலில் ஒழுகும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். மரம் ஊறி உப்பியதும் இடுக்குகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

இன்று எபாக்ஸியும் பாலியூரித்தேன் பசையும் வந்துவிட்டன. அவற்றை வைத்து அடிப்பகுதியைக் கட்டினால் ஊறவைக்கத் தேவையில்லை, இறக்கியதும் ஓட்டலாம். குழந்தைகளை ஏற்றிப்போகும் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. 'தாத்தா செய்ததுபோலவே செய்ய வேண்டும்' என்பவர்களோ ஒப்புக்கொள்வதில்லை. பசையால் ஒட்டியதைப் பின்னாளில் பிரித்துப் பழுதுபார்ப்பது கடினம் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பழைய மரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும் படகு, நிறைய மாற்றிப் புதுப்பித்த படகு என்று போட்டிகளிலேயே தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கூடுதல் மதிப்பு எப்போதும் பழைய மரத்துக்கே. பலகை புதிதாக வாங்கலாம். எண்பது வருடம் வெயில் குடித்த பலகையை எந்தக் கடையில் வாங்குவது?

பொறுமைக்குப் பெயர் வார்னிஷ்

பக்கப் பலகைகளில் திருகு இறங்கிய ஒவ்வொரு துளையையும் சின்ன மரக் குமிழால் அடைப்பார்கள். குமிழின் மர வரியும் பலகையின் வரியும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒரு படகில் இப்படி ஆயிரக்கணக்கில்! பிறகு சாயம், அதன் மேல் வார்னிஷ். ஒரு பூச்சு காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து அடுத்த பூச்சு. பத்துக்குக் குறையாது, இருபதையும் தொடும்.

இன்ஜினும் உள்ளே போனபிறகு ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தங்கிவிடும். சாவியைத் திருப்புவதற்கு முன் உள்ளே மோப்பம் பிடித்துப் பார்த்து, காற்றாடி ஓட்டி அதை வெளியேற்றியே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்து விற்றால் லாபமா? செலவழித்த பணமே திரும்பாது என்பதுதான் பலரின் அனுபவம். ஆனாலும் செய்கிறார்கள். அப்பா ஓட்டிய படகை மகள் ஓட்ட வேண்டும் என்ற ஆசைக்குக் கணக்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

மரப் படகைக் கூரைக்கடியில் வைத்துப் பூட்டினால் அது காயும், சுருங்கும், பிளக்கும். அதைக் காப்பாற்ற உறுதியான வழி, ஓட்டுவதுதான். அதனால்தான் கிளேட்டனில் பழம்பெரும் படகுகள் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் நிற்பதில்லை. கோடையில் போனால், கரையோரம் நின்றாலே போதும். ஃபைபர் படகுகளின் இரைச்சலுக்கு நடுவே ஓர் அடித்தொண்டை உறுமல் கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள், செம்பழுப்பு மூக்கொன்று அலையைக் கிழித்துக்கொண்டு தீவுகளுக்குள் மறைந்திருக்கும்.