பப்பரே கேட்கிற தூரம்

பீட் சீகருக்கு அப்போது 89 வயது. கம்பளித் தொப்பியும் பான்ஜோவுமாக லிங்கன் நினைவிடத்துப் படிகளில் ஏறி, ஒரு பக்கம் பேரனும் மறுபக்கம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் நிற்க, வூடி கத்ரி 1940இல் எழுதிய பாட்டைக் கூட்டத்துக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பாடவைத்தார். 2009 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. ஒபாமா பதவியேற்க இன்னும் இரண்டு நாள். வொஷிங்டனில் தடாகம் உறைந்து கிடந்த அந்தக் குளிரில் நான்கு லட்சம் பேர் நின்றதாகச் சொன்னார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் அந்தப் பாட்டைப் படிப்பிக்கும்போது இரண்டு பகுதிகளை வழக்கமாக விட்டுவிடுவார்கள். தனியார் நிலம் என்று பலகை போட்டு வழி மறிப்பதைப் பற்றியது ஒன்று, நிவாரண அலுவலகத்து வாசலில் பசியோடு நிற்கிற சனத்தைப் பற்றியது மற்றது. சீகர் இரண்டையும் பாடினார். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் என்று சொல்லித் தொலைக்காட்சிகள் வருஷக்கணக்காகத் தள்ளிவைத்திருந்த மனிதர், புது ஜனாதிபதி பார்த்துக்கொண்டிருக்க அதைச் செய்தார்.

பெரியம்மாவின் மகன், என் அண்ணா, அந்த நான்கு லட்சத்தில் ஒருவர். மேரிலண்டில் இருந்து அண்ணியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இங்கே கொழும்பில் திங்கள் விடிய அவருடைய ரெலிபோன் வந்தபோது நான் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்துப் பெரியம்மா வீட்டில்தான் நின்றேன். மேடை கண்ணுக்கே தெரியவில்லையாம். எல்லாம் பெரிய திரையில்தான். பக்கத்து ஒலிபெருக்கியில் ஒரு வரி வரும், கொஞ்சம் பொறுத்து அதே வரி தூரத்து ஒலிபெருக்கியிலிருந்து மறுபடி வரும், ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை கேட்டோம் என்றார். பியான்சே பாடியதைவிட, பக்கத்தில் நின்ற கறுப்பினக் கிழவியைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். அண்ணியின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு அந்த மனுஷி தன் கையுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாராம். ஆளுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, மற்றக் கையை இருவரும் சட்டைப்பைக்குள் விட்டபடி கடைசிவரை நின்றார்களாம்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கை மழையோ?" என்றார். அண்ணாவுக்கு விளங்கியது. "இல்லையம்மா, இஞ்சை குளிர்தான். உங்கை மழை விடேல்லை எண்டு கேள்விப்பட்டன்" என்றார்.

அந்த மாதங்களில் ரெலிபோனில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியின் பெயரைச் சொல்லமாட்டோம். மழை, வெள்ளம், காய்ச்சல் என்றுதான் பேச்சு. கிளிநொச்சி ஜனவரி 2ஆம் திகதி விழுந்திருந்தது. 8ஆம் திகதி பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவை நடுத்தெருவில் கொன்றிருந்தார்கள். எங்கள் வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டிலும் பொலிஸ் பதிவுத் துண்டைக் கதவுக்குப் பின்னால், எட்டுகிற இடத்தில் வைத்திருந்தோம். 2007 ஜூன் 7 விடிய லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியது யாருக்கும் மறந்திருக்கவில்லை. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் மறக்கவில்லை. ஆனாலும் மனதில் தங்கியது பஸ்தான்.

பெரியம்மா கடைசியாக ஒன்று கேட்டார். "உந்த ஒபாமா எங்கட சனத்துக்கு ஏதும் செய்வாரோ?" அண்ணா சிரிக்கவில்லை. கூட்டத்தில் நின்றபோது தானும் அதைத்தான் யோசித்தேன் என்றார். மேடையில் போனோ, இது அமெரிக்கக் கனவு மட்டுமல்ல, அயர்லாந்தின், ஆபிரிக்காவின், இஸ்ரேலின், பலஸ்தீனத்தின் கனவும்தான் என்று பெயர்களை அடுக்கினாராம். காசாவில் குண்டு நின்ற அதே நாள் அது. பட்டியலில் எங்கள் பெயரும் வருமோ என்று ஒரு கணம் காது கொடுத்ததாக அண்ணா சொன்னார். பைத்தியக்காரத்தனம்தான். அந்த நேரத்தில் கொழும்பில் எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 30ஆம் திகதி, ரொறன்ரோ நகர நடுவில் தமிழர் ஆயிரக்கணக்கில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அதே பனிக்காலம். மச்சாள் போய்ப் பதாகை பிடித்துவிட்டு வந்து விரல் மரத்துப்போன கதையைச் சொன்னா. அங்கே மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. ஒபாமா பேசினார், மே 13ஆம் திகதி. புலிகள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு மக்களை விட வேண்டும், அரசாங்கம் கண்மூடித்தனமான ஷெல்லடியை நிறுத்த வேண்டும் என்றார். அதற்குப் பிறகு போர் முடிய ஒரு வாரம்கூட எடுக்கவில்லை.

மே 18ஆம் திகதி காலி வீதியில் பப்பரே வந்தது. கிரிக்கெட் மைதானத்தில் வாசிக்கிற அதே ட்றம்பெற், அதே மேளம், அதே பைலா மெட்டு. ஓட்டோக்களில் சிங்கக்கொடி. சந்திக்குச் சந்தி பெரிய கிடாரத்தில் கிரிபத் என்கிற பாற்சோறு. சில கடைகளில் கிரிபத் செலவுக்குக் காசு கேட்டு வாங்கினார்கள். கேட்காத கடைக்காரர்களும் தாங்களாகவே கொடி கட்டினார்கள். எங்கள் மாடியில் அக்கா ஜன்னலை மெதுவாகச் சாத்தினா. படாரென்று சாத்தினால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடுமே. மருமகளுக்கு அப்போது பாலர் வகுப்பு வயசு. பாட்டுச் சத்தம் கேட்டு ஆட எழும்பினவளை அக்கா மடியில் இழுத்து இருத்தினா. ஏன் என்று அவள் கேட்டாள். நாங்கள் கார்ட்டூன் போட்டுவிட்டோம்.

இதே பப்பரேக்கு 1996 மார்ச் 17 இரவு ஜன்னலைத் திறந்து வைத்தவர்கள்தான் நாங்கள். மத்திய வங்கிக் குண்டு வெடித்து இரண்டு மாதம் ஆகவில்லை, தமிழன் என்றால் எந்தச் சோதனைச் சாவடியிலும் இறக்குவார்கள். அப்படியிருந்தும் உலகக் கிண்ணம் வென்ற இரவு ஒழுங்கைப் பெடியளெல்லாம் ஊர்வலத்துக்குப் பின்னால் ஓடினார்கள். முரளி இருந்தாரே. சவோய் தியேட்டர் முன்னால் முன்பின் தெரியாத ஒரு சிங்கள மாமா என் தோளில் கையைப் போட்டு ஆடினார். அது பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. 2009இல் கிரிபத் கிண்டியவர்களிலும் அவர் இருந்திருக்கலாம்.

ஜூன் 3ஆம் திகதி காலிமுகத்திடலில் வெற்றி அணிவகுப்பு. ஒத்திகைக்கு விமானங்கள் தாழப் பறந்தபோது கொட்டாஞ்சேனை வீட்டில் பெரியம்மாவின் அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அது கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் காலம். ஜூன் 13க்குக் கொடி ஏறினால் தெருவில் பாண்ட் வாத்தியம் போகும். பெரியம்மா பயமில்லாமல் வாசலுக்கு வந்து பார்க்கிற ஒரே வாத்தியம் அதுதான். சைவக்காரிதான், ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவா. கொட்டாஞ்சேனையில் இது யாருக்கும் புதினமில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறு அந்தக் கோயிலுக்குள்ளேயே குண்டு வெடித்த பிறகு அந்த வாத்தியத்துக்கும் ஒரு தயக்கம் வந்துவிட்டது.

காலிமுகத்திடலில் தமிழர் கூடியதே இல்லை என்று யாராவது சொன்னால் பெரியம்மா விடமாட்டா. தன் தகப்பன் சொன்ன கதையைத் தொடங்கிவிடுவா. 1956 ஜூன் 5, தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாள், செல்வநாயகமும் தமிழரசுக் கட்சிக்காரரும் பாராளுமன்றத்துக்கு எதிரில் அந்தப் புல்தரையில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர் கூட்டம் வந்து அடித்தது. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் போனார். கடலைப் பார்த்து நிற்கும் அந்தத் தூண் வைத்த கட்டடம்தான் பிறகு ஜனாதிபதி செயலகம் ஆனது. 2022இல் பெடியள் மாதக்கணக்காக மறித்து நின்றது அதே கட்டடத்து வாசலைத்தான். அங்கே கூடாரம் போட்டவர்களில் எத்தனை பேருக்கு 1956 தெரியுமோ. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லைத்தான். ஆனாலும் எதிர்பார்த்தேன்.

2016 பெப்ரவரி 4, அதே திடலில் சுதந்திர தின விழா முடிகிற நேரம் தேசிய கீதத்தைத் தமிழில் பாடினார்கள். அரச விழாவில் 1949க்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்றார்கள். நல்லதம்பிப் புலவர் தமிழாக்கிய அதே பாட்டு. எங்கள் பள்ளிக்கூடங்களில் காலமெல்லாம் பாடி வருவது. அண்ணா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு எடுத்து, "சீகர் பாடின மாதிரி இருக்குதடா, விட்டுப்போன பகுதியைத் திரும்பப் பாடுறாங்கள்" என்றார். 2020இல் திரும்ப விட்டுவிட்டார்கள்.

அந்த 2020க்கு முன்னால் ஒரு வெடி இருக்கிறது. 2019 நொவெம்பர், கோட்டாபய ஜனாதிபதித் தேர்தலில் வென்ற நாள். 69 லட்சம் வாக்கு. அந்த எண் பிறகு நக்கலாகவே ஆகிவிட்டது. வெள்ளவத்தையில் அன்றைக்கும் ஜன்னல் சாத்தினோம், பழகிய கையால்.

2022 ஏப்ரல் 9 தொடங்கி காலிமுகத்திடல் ஒரு ஊராகிவிட்டது. கோட்டாபயவைப் போகச் சொல்லி வந்தவர்களின் கோட்டா கோ கம. நூலகம், மருந்துக் கொட்டில், சாப்பாட்டுக் கூடாரம், எல்லாவற்றுக்கும் மேலாக மேடை. பின்னேரமானால் பாட்டு. கித்தார்காரர், ராப் பாடுகிற பெடியள், பழைய புரட்சிப் பாட்டுக்காரர், நடுவில் கோட்டாபயவின் தம்பி பசிலைக் கேலி செய்கிற அந்தக் காகப் பாட்டு. மருமகள் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வயசு. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து தண்டவாளத்தோரமாக நடந்தே போவாள். போய்த் தமிழில் தேசிய கீதம் பாடினதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். பாதிப் பேருக்குச் சொல் தெரியவில்லை, வாயை மட்டும் அசைக்கிறார்கள். நான் அதைச் சொன்னேன். "மாமா, தெரியாமலும் பாடுறாங்கள்தானே" என்றாள்.

வெள்ளவத்தையில் கனபேர் போகவில்லை. கேஸ் முடிந்ததும் வந்தவர்கள், பால்மாவுக்கு வந்தவர்கள், எங்களுக்கு என்றால் வந்திருப்பார்களா என்று கேட்டார்கள். கேள்வியில் பிழை இல்லை. நான் மே 18ஆம் திகதி மட்டும் போனேன். அங்கே போரின் கடைசியில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். உப்பும் அரிசியும் தண்ணீருமான கஞ்சியை ஒரு பிக்கு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே நாளில் இந்த நகரம் முழுக்கக் கிரிபத். குடித்துவிட்டு அவர் கிண்ணத்தைத் தானே கழுவி வைத்தார். இரவில் அதே மேடையில் பாட்டுத் தொடங்க முன்னமே நான் திரும்பிவிட்டேன்.

ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் குதித்த படம் உலகம் முழுக்கப் போனது. 14ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து கோட்டாபய இராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினார். அன்றிரவு ஊரடங்கு. அதையும் மீறித் திடலில் பப்பரே, வெடி, ஆட்டம். மருமகள் அங்கிருந்து எடுத்தாள். சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியம்மா எடுத்து, "ஆருக்கு வெடி கொளுத்துறாங்கள்? கதவைப் போடட்டோ?" என்றார். போடத் தேவையில்லை என்றேன். அவர் போட்டுவிட்டார். ஜூலை 22 அதிகாலை இராணுவம் வந்து கூடாரங்களைப் பிடுங்கி எறிந்தபோது, அவர்தான் என்னை எழுப்பிச் செய்தி சொன்னார்.

அண்ணா அந்த வாரம் முழுக்க விசாரித்தபடி இருந்தார். 2009க்கும் இதற்கும் இடையில், 2017இல் அதே லிங்கன் படிகளில் டிரம்புக்கும் ஒரு வரவேற்பு இசை நிகழ்ச்சி நடந்தது. அதற்கு அவர் போகவில்லை, தொலைக்காட்சியிலும் பார்க்கவில்லை. தெருவில் கொடியோடு போன ஊர்வலத்தின் சத்தம் கேட்டு எழும்பி ஜன்னலைச் சாத்தியதாக மட்டும் ஒருமுறை சொன்னார். "எங்கட வீட்டுப் பழக்கம்" என்றார்.

நான் பிறகு மார்க்கெட் பக்கம் வெடி விற்கிற கடைக்காரரிடம் ஒரு விஷயம் கேட்டேன். 2019 நொவெம்பரில் வந்து வாங்கியவர்களே 2022 ஜூலையிலும் வந்தார்களா என்று. அவர் கணக்குக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஓம், கனபேர் அதே ஆக்கள்தான். ஆனா ஜூலையிலை குடுக்கச் சரக்கு இல்லை ஐயா. கிம்புலாப்பிட்டியவிலை இருந்து லொறி வாறதுக்கு டீசல் எங்கை?" என்றார்.