ஒரே பாட்டிலில் ஊற்றிய பாசம்

மருமகளுக்கு ஐந்தாம் மாதம். மாத்திரையைப் பார்த்தாலே குமட்டல். பனமலையில் இருக்கும் அந்த மாமியார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இரும்புச்சத்து டானிக், கால்சியம் சிரப், பி காம்ப்ளெக்ஸ், வைட்டமின் சி சொட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கலக்கி, கைக்கு எட்டும்படி ஜன்னலில் வைத்தார். வேளைக்கு ஒரு ஸ்பூன், வேலை முடிந்தது.

ஒரு மாதம் கழித்தும் ஹீமோகுளோபின் 9-லேயே நின்றது. கர்ப்பிணிக்கு 11-ஆவது வேண்டும். "நான் என்ன குறை வச்சேன்?" என்று மாமியார் கலங்கிப்போனார்.

வீட்டுக்கு வந்த நர்சம்மா ஜன்னலைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "அம்மா, அட்டையில் காய்ஞ்சு இருக்கும் வரைக்கும் மாத்திரைங்க சும்மா இருக்கும். தண்ணியில கரைஞ்சா ஒண்ணை ஒண்ணு கெடுக்கும். வெயில் பட்டா பி காம்ப்ளெக்ஸ்ல இருக்கிற மஞ்சள் நிற பி2, வைட்டமின் சி-யை அழிச்சிடும். இரும்பும் சி-யைச் சீக்கிரம் கெடுக்கும். கால்சியமோ, குடல்ல இரும்பை ஏற விடாது."

அன்றே பாட்டில் காலியானது. டாக்டரைக் கேட்டு முறையை மாற்றினார்கள். காலை, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோடு இரும்பு. அந்த நேரத்தில் டீயும் பாலும் கிடையாது.

அடுத்த பரிசோதனையில் 10.2. தாளகிரீஸ்வரர் மலையைப் பார்த்துக் கும்பிட்ட மாமியார், மருமகளிடம் சிரித்தபடி சொன்னார்: "எல்லாம் நல்ல சொந்தம்தான்டி. ஒரே பந்தியில உட்கார வச்சதுதான் என் தப்பு!"