ஆறு நிமிடம் எடுத்தேன், மீதியை விட்டேன்

தனுஷ்கோடியைப் பற்றி ஒரு தனிநபர் நாடகம் போட்டேன். அதில் ஒலித்த மூதாட்டியின் குரலுக்கு நான் துரோகம் செய்தேன். அதைச் சொல்லாமல் அடுத்த நாடகத்தில் கைவைக்க மனம் ஒப்பவில்லை.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பிறகு அந்த ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயம் இன்றும் மணலில் நிற்கிறது. இவற்றையெல்லாம் படித்து, மனதுக்குள் நாடகத்தை முடித்துவிட்டுத்தான் அங்கே பேட்டி எடுக்கப் போனேன். கேட்கப் போகிறவன் அப்படிப் போகக்கூடாது.

மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா என்னைக் குடிசையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அதில் புயல் ஆறு நிமிடம். அவருடைய தம்பியைப் பற்றிக் கேட்டதும் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. மற்றதெல்லாம் பிற்பாடு வாழ்ந்த கதை: ராமேஸ்வரத்தில் ஒண்டியிருந்தது, கடலை நம்பித் திரும்பி வந்தது, மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டது, பட்டா கேட்டு அலைந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனே தவிர, காது கொடுக்கவில்லை. "அந்த ராத்திரிய இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை அவர் உடைந்து அழுதார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று அப்போது மகிழ்ந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அந்த அழுகையைத்தான் மேடையில் ஒலிக்கவிட்டேன். மௌனத்தை வெட்டிவிட்டு அலையோசையைச் சேர்த்தேன். அமெரிக்க நாடகக் கலைஞர் அன்னா டெவியர் ஸ்மித், தான் பேட்டி கண்டவர்களின் தயக்கத்தையும் திக்கலையும்கூட விடாமல் நடித்தவர். 1992இல் அவர் மேடையேற்றிய 'ஃபயர்ஸ் இன் த மிரர்' பற்றி நானே மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்த பிழை என்று ஒதுங்க எனக்கு வழியில்லை.

"இங்கே இப்போது யாரும் இல்லை" என்ற என் வசனத்தோடு நாடகம் முடியும். பார்வையாளர்கள் கண்ணைத் துடைத்தபடி எழுந்து போவார்கள்.

பல மாதம் கழித்துத்தான் நாடகத்தின் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "அழுதது நாந்தான் தம்பி. ஆனா யாரும் இல்லன்னு ஏன் சொன்னீக? நாங்க இருக்கோமே" என்றார். அவரிடம் கைநாட்டு வாங்கிய ஒப்புதல் தாள் என் பையில் இருந்தது. அந்தத் தாளில், அழுகையை மட்டும் எடுத்துக்கொள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

நாடகத்தை நிறுத்திவிட்டேன். இப்போது அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர் பேசிய வரிசையிலேயே எழுதி வருகிறேன். பட்டா வரும் இடத்தில் பட்டா, மௌனம் வரும் இடத்தில் அது நீடித்த நொடிகள். எழுதி முடித்ததும் அவர் முன்னால் உட்கார்ந்து வாசிப்பேன். எதை ஊருக்குச் சொல்லலாம், எது அவரோடு இருக்கட்டும் என்பதை அவரே சொல்லட்டும்.