கம்பத்துக்குக் கீழே மூன்றரை அடி

நாகமலை புதுக்கோட்டையில் தேனி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைகள், டியூப்லைட், வடைச் சட்டி என்று ராத்திரி வரை வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மலைப் பக்கமாக உள்ளே நடக்க நடக்கத்தான் இருட்டு ஆரம்பிக்கும். கடைசித் தெருவிளக்கைத் தாண்டி ஆறாவது மனை அவருடையது. முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் கட்டிய வீடு. மனை ரோட்டை விடத் தாழ்வாக இருந்ததால் டிராக்டர் டிராக்டராகச் சவுடு மண் அடித்து இரண்டடி உயர்த்தியிருந்தார். இந்த இரண்டடிதான் பின்னால் வேலையைக் காட்டியது.

மகள் நர்ஸ். மதுரைக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை முடித்து ஸ்கூட்டரில் வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். ஒருநாள் கேட்டைத் திறக்கக் காலை ஊன்றிய இடத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. ஹெட்லைட் அணையாமல் இருந்ததால் பார்த்தாள். மறுநாள் காலை காபி டம்ளரை வைக்கும்போதே மனைவி சொல்லிவிட்டார்.

"என்னங்க, கேட்டுக்கிட்ட இன்னைக்கே ஒரு லைட் போடணும்."

காம்பவுண்டுச் சுவர் மூன்றடிதான் என்பதால் அதில் விளக்கு வைத்தால் தரைதான் தெரியும். வரும் ஆள் தெரியமாட்டார். பத்தடிக் கம்பம் வேண்டும். பழைய இரும்புக் கடையில் மூன்று இஞ்ச் ஜிஐ பைப் ஒன்று கிடைத்தது. ஒரு கம்பம் நட ஆள் எதற்கு என்று அவரே கடப்பாரையை எடுத்தார். ஒன்றரை அடி தோண்டினார். மண் பொலபொலவென்று வந்ததில் அவருக்கு ஏக சந்தோஷம். பைப்பை நிறுத்தி, செங்கல் துண்டைச் சுற்றிப் போட்டு, அரை மூட்டை சிமென்ட்டை மணலோடு கஞ்சி மாதிரிக் கரைத்து ஊற்றினார். வயரைப் பைப்புக்கு வெளியே இழுத்துக் கட்டி, தரையில் நாலு விரல் ஆழத்தில் புதைத்தார். அன்று ராத்திரி மகள் வந்தபோது கேட்டோரம் பகல் போல் இருந்தது.

ஐப்பசி மழையில் கம்பம் லேசாகத் தெருப் பக்கம் சாய்ந்தது. இரண்டு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலத்திலிருந்தே காற்றும் மழையும். ஒன்பது மணி வாக்கில் தடால் என்று சத்தம். கம்பம் அடியில் ஒட்டியிருந்த சிமென்ட் கட்டியோடு பிடுங்கிக்கொண்டு கேட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அறுந்த வயர் தேங்கிய தண்ணீருக்குள். அவர் குடையைத் தேடிக்கொண்டிருக்க, மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்தார். இருட்டில் திண்ணையில் நின்று, "கேட்டைத் தொடாத! அங்கயே நில்லு!" என்று தெருவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார். மகள் வந்து சேர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை என்பதுதான் அவரை அதிகம் அறுத்தது.

பக்கத்துத் தெருவில் சிவில் இன்ஜினீயர் தம்பி ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டு, "கம்பம் கனத்துல விழல மாமா, நீளத்துல விழுந்திருக்கு" என்றார். ஈர மண்ணில் குச்சியை நட்டு நுனியை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள்; அதே கதைதான். மேலே காற்று தள்ளும் தள்ளல், பத்தடி நீளத்தை நெம்புகோலாக்கிக்கொண்டு அடிமண்ணைப் பிளக்கும். கட்டடங்களுக்கான ஐஎஸ் 875 தரக் குறியீட்டில் மதுரைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர்! சென்னைக்கு 50 மீட்டர். 39 மீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் 90 கிலோ எடையை வைத்து அழுத்தியது போலத் தள்ளும். கரன்ட் கம்பம் நடுகிறவர்கள் நீளத்தில் ஆறில் ஒரு பங்கை மண்ணுக்குள் விடுவது இதனால்தான். முப்பதடிக் கம்பம் என்றால் ஐந்தடி உள்ளே.

"நானும் கிட்டத்தட்ட ஆறுல ஒண்ணு விட்டேனே தம்பி?"

"அது கெட்டித்தரைக்குச் சொன்ன கணக்கு. நீங்க நட்டது டிராக்டர்ல வந்த மண்ணுல."

கொத்தனார் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இடையில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க மனைவியோடு விளக்குத்தூண் பக்கம் போக வேண்டியிருந்தது. மதுரைக்காரர்களுக்கு விளக்குத்தூண் என்றால் ஜவுளியும் போலீஸ் ஸ்டேஷனும்தான் ஞாபகம் வரும். அங்கே நிஜமாகவே ஒரு விளக்குத் தூண் நிற்கிறது என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக ஊர்க்காரர்கள் எழுப்பியது அது. கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மூடி, ஊரை வெளியே விரித்தவர் அவர். வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். இத்தனை வருஷம் அந்த வழியாகப் போனவர், அன்றுதான் நின்று பார்த்தார். அதுவும் உச்சியை அல்ல, அடியை. குனிந்து குனிந்து பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அஸ்திவாரம் எங்கே வெளியே தெரியும்? மூடிய அகழி மேல் வீடு கட்டினவர்கள் எத்தனை அடி தோண்டியிருப்பார்கள் என்ற யோசனை வேறு. "துணி எடுக்க வந்தீங்களா, தூணை எடுக்க வந்தீங்களா?" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

மார்கழியில் கொத்தனாரும் ஒரு சித்தாள் அம்மாவும் வந்தார்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் குழி. இரண்டடி வரை சவுடு. அதற்குக் கீழே கடப்பாரை 'ணங்' என்றது. "இதுதான் சார் தரை. மேல இருக்கிறதெல்லாம் விருந்தாளி" என்றார் கொத்தனார். அந்தக் கெட்டித்தரைக்குள் இன்னும் ஒன்றரை அடி இறங்கினார். ஆக மூன்றரை அடி. குழியின் பக்கங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம். வாய் அகன்று அடி குறுகிய குழியில் ஊற்றினால் கான்கிரீட் பம்பரம் மாதிரி நிற்கும், மண் இளகினால் ஆடும் என்றார்.

பைப்பைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. தண்ணீர் தேங்கும் அந்தக் கழுத்து இடத்தில்தான் இரும்பு முதலில் அரிக்குமாம். வெல்டிங் பட்டறையில் பைப்பின் அடியில் பத்து இஞ்ச் சதுரத் தகடு வைத்து, நாலு ஓட்டை போட்டு வந்தார்கள். அதே ஓட்டைகளோடு ஒரு பிளைவுட் துண்டு. அதில் நாலு ஃபவுண்டேஷன் போல்ட். கீழ் நுனி கொக்கி போல வளைந்தது. மரையில் சிமென்ட் ஏறாமல் துணி சுற்றினார்கள். நடுவில் வயருக்கு வளைந்த பிவிசி குழாய். முதல் தடவை அவர் மறந்தது இதைத்தான். இதை ஊற்றுவதற்கு முன் வைக்காவிட்டால் பிறகு வழியே கிடையாது.

கலவை ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று முக்கால் இஞ்ச் ஜல்லி. மணல் என்றால் எம்-சாண்ட்தான். தரைக்கு மேல் அரை அடி மேடையும் சேர்த்து ஒன்பது கன அடி. சரியாக இரண்டு மூட்டை சிமென்ட். இறுகியபின் எடை அறுநூறு கிலோவைத் தாண்டும். அவர் சும்மா இருக்கமாட்டாமல் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றப் போக, சித்தாள் அம்மா வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"கஞ்சியா காச்சப் போறோம்? கையில புடிச்சா உருண்டை நிக்கணும் சார்."

அவர் பதில் பேசவில்லை. பிடுங்கிக்கொண்டு வந்த பழைய சிமென்ட் கட்டி இன்னும் வேப்ப மரத்தடியில்தான் கிடந்தது. கையால் தேய்த்தால் மாவாக உதிரும்.

அரை அடிக்கு ஒருமுறை கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினார்கள். மேடையின் உச்சியை நாலு பக்கமும் சரித்து, மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடும்படி கரணையால் இழைத்தார் கொத்தனார். பிறகு காத்திருப்பு. மூன்றாம் நாளே கம்பத்தை ஏற்றிவிட அவருக்குக் கை பரபரத்தது. பத்து நாள் ஈரச்சாக்கு காயக் கூடாது என்று கட்டளை. காலையும் மாலையும் வாளியோடு நின்றார். கோலம் போட வரும் மனைவி, "பிள்ளைக்குக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டினதில்ல" என்றார்.

பதினோராம் நாள் கம்பம் ஏறியது. தகட்டுக்கு மேலும் கீழுமாக நட்டு. கீழ் நட்டைத் திருகித் திருகித் தூக்குக் குண்டை இரண்டு பக்கமும் பிடித்து நேர்நிறுத்தினார்கள். எலக்ட்ரீஷியன் கவசக் கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் குழாய்க்குள் இழுத்து, கம்பத்துக்கு எர்த் கொடுத்து, உள்ளே போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணைந்துவிடும் ஆர்சிசிபி மாட்டினார். விளக்கை விட இந்த டப்பாவுக்குத்தான் செலவு அதிகம். அவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

அடுத்த ஐப்பசியில் முதல் பெருங்காற்று அடித்த ராத்திரி. ஜன்னலோரம் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். மகள் வந்தாள். ஸ்கூட்டரை உள்ளே ஏற்றிவிட்டு, ரெயின்கோட்டோடு திரும்பிப் போய் அந்தக் கம்பத்தைச் செருப்புக் காலால் ஓர் உதை விட்டாள்.

"ஆடலப்பா" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.