எத்தனை மார்க்?

நான் பி.காம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்ப்யூட்டர் படித்த ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலை. 'டெபிட், கிரெடிட் ஆசாமிக்கு என்ன தெரியும்?' என்பது அவர் முகத்தில். 'இவருக்கு நாலு வரி தமிழ் வராதே' என்பது என் முகத்தில். வேலை அந்தரத்தில் நின்றது.

அமெரிக்காவின் கார்னகி மெலனில் ராண்டி பாஷ் என்றொரு கம்ப்யூட்டர் பேராசிரியர். 1990-களின் கடைசியில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். ப்ரோகிராம் எழுதுகிறவர், படம் வரைகிறவர், நாடகம் படித்தவர் எல்லாரையும் கலந்து, நாலு நாலு பேராக டீம். இரண்டே வாரத்தில் ஒரு மெய்நிகர் உலகம் செய்து காட்டணும். முடிந்ததும் டீம் கலையும். மறுபடி புது ஆட்கள்.

சூட்சுமம் இனிமேல்தான். 'இவரோடு வேலை பார்ப்பது எவ்வளவு சுலபம்?' கூட இருந்தவர்களே மார்க் போடுவார்கள்.

பாஷ் 2008-ல் மறைந்துவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அன்று அந்த நண்பர் மார்க் போட்டிருந்தால், நான் நிச்சயம் ஃபெயில்.

நீங்க?