பர்மிங்காமில் பேனா முள் பிறந்த தெரு

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பர்மிங்காம் நகருக்குச் செல்வோர் பலர். அங்கே நகைத்தொழில் செழித்த பேட்டையின் பிரெடரிக் தெருவைத் தேடிச் செல்வோர் சிலரே. அத்தெருவின் முனையில், பல வண்ணச் செங்கற்களால் 1863-ஆம் ஆண்டில் வைலி என்பார் எழுப்பிய பழைய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. அதன் ஒரு பகுதியில் 2001 முதல் பேனாக் காட்சிசாலை நடைபெற்று வருகிறது.

மைக்கூட்டில் தோய்த்து எழுதிய பழைய பேனாவை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் முனையிலுள்ள எஃகு முள்ளை உலகுக்கெல்லாம் வாரி வழங்கிய ஊர் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏறத்தாழ நூறு நிறுவனங்கள் இங்கு இத்தொழிலில் ஈடுபட்டிருந்தன. அதற்கு முன்னர் எழுதியோருக்குப் பறவையின் இறகே துணை; அதையும் அடிக்கடி கத்தியால் சீவிக்கொள்ள வேண்டும்.

முள் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்பதே அங்கு பெருவிருந்து. ஷெபீல்டிலிருந்து வந்த எஃகுத் தகட்டை உருளைகளிடையே செலுத்தி, காகிதம்போல் மெலிதாக்குவர். பின்னர் அது நீண்ட பட்டையாகக் கைவிசைப் பொறியின்முன் அமர்ந்த பெண்ணிடம் வரும். இடக்கை பட்டையை நகர்த்த, வலக்கை பொறியின் கைப்பிடியை இழுக்க, அச்சு இறங்கி ஒரு சிறு தகட்டை வெட்டி உதிர்க்கும். ஒரு வரிசையின் கூர்முனைகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்குள் புகுமாறு வெட்டுவதால் உலோகம் வீணாவது குறையும். எளிய சிக்கனந்தான், ஆயினும் அதைக் கண்டு வியக்காத குடும்பத்தலைவி இருக்கமாட்டார்!

வெட்டிய தகட்டில் நடுத்துளையிட்டு, உலையில் காய்ச்சி மென்மையாக்கி, பெயர் பொறித்து, பிறகே வளைப்பர். அடுத்து செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க, அது கண்ணாடிபோல் கடினமாகிவிடும். அந்நிலையில் எழுதினால் முறிந்துபோகும் என்பதால் இளஞ்சூட்டில் மீண்டும் பதப்படுத்துவர். துலக்கிச் சாணை பிடித்தபின் வருவது பிளவு. மயிரிழை போன்ற அப்பிளவு நேர்நடுவே விழாவிடில் இதுகாறும் பட்ட பாடெல்லாம் வீணே. மை முனைவரை இறங்குவது அதன் வழியேதான்.

இவ்வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தோர் பெண்கள். அச்சுகளைக் கடைவதும் உருளைகளை இயக்குவதும் ஆண்கள் பங்கு. தேர்ந்த ஒரு பெண் நாளொன்றுக்கு 10,000-க்கும் மேற்பட்ட தகடுகளை வெட்டுவாள். ஒவ்வொரு முறையும் விரல்கள் அச்சின் வாயருகே சென்று திரும்ப வேண்டும். முதலாளிகளின் பெயர்கள் முள்ளின்மீது பொறிக்கப்பட்டு உலகெங்கும் சென்றன. வெட்டியவர்களின் பெயர்களைத் தேடினேன். காணக் கிடைத்தவை மிகச் சிலவே.

முதலாளிகளுள் சர் ஜோசையா மேசன் குறிப்பிடத்தக்கவர். 1795-இல் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் தெருவில் தின்பண்டம் விற்றவர். பேனா முள்ளால் ஈட்டிய செல்வத்தில் எர்டிங்டனில் அநாதை இல்லம் நிறுவினார்; அது 1869-இல் திறக்கப்பட்டது. அவர் அமைத்த அறிவியல் கல்லூரி 1880-இல் தொடங்கி, 1900-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. கொடை பெரிது, ஐயமில்லை. எனினும் அக்கல்லூரியின் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் எத்தனை ஆயிரம் கைப்பிடி இழுப்புகள் உள்ளன என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பந்துமுனைப் பேனா பரவியதும் இத்தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நம் சாத்தூரில் பேனா முள் செய்த குடிசைத் தொழில்களையும் அதே பேனாதான் தளரச் செய்தது.

காட்சிசாலையில் பழைய பொறிகளின்முன் வருவோரை அமர்த்தி, அவர்கள் கையாலேயே ஒரு முள் செய்யவைக்கிறார்கள். கைப்பிடியை இழுத்தால் சிறு ஓசையுடன் தகடு உதிர்கிறது. ஐந்தாறு முறை இழுப்பதற்குள் தோள் வலிக்கத் தொடங்குகிறது.